கொளவாய் ஏரியும் சுத்துற வட்டமும்

செங்கல்பட்டு லோக்கல்ல தினமும் போய் வர்ற ஜென்மங்களுக்கு இந்த இடம் அத்துப்படி. பரனூர் தாண்டினதும் ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி விரியும். காத்து ஜில்லுன்னு முகத்துல அடிக்கும். சரியா அதே நேரத்துல பெட்டியில இருக்கிற மொபைல்கள்ல எல்லாம் வீடியோ நின்னு, நடுவுல ஒரு வட்டம் சுத்த ஆரம்பிக்கும். பத்து பேர் ஒண்ணா தலையைத் தூக்குவாங்க. மக்கள் ஏரியைப் பார்க்கணும்னே யாரோ பண்ணின ஏற்பாடு போலன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன் :-)

விளையாட்டு இருக்கட்டும். வீடியோ பிளேயர் எழுதுறதுதான் எனக்குச் சோறு போடுற வேலை. அதனால அந்த வட்டம் சுத்தும்போதெல்லாம் எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா குத்தும். இந்தப் பதிவு அந்தக் குத்தலைப் பத்தித்தான். கொஞ்சம் டெக்னிகல் வரும், ஆனா பயப்படற அளவுக்கு இல்லை.

முதல்ல ஒரு கதை. 2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துக்கிட்டு இருந்த நேரம். நம்ம குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயிச்சு, எட்டாவதுல கருவானாவையே சாய்ச்சு, ஒன்பதாவதுல டிரா பண்ணியிருந்தார். அன்னைக்குப் பத்தாவது சுற்று. எதிர்ல உஸ்பெகிஸ்தானோட அப்துசத்தோரோவ். நான் தாம்பரத்துல வண்டி ஏறி, நேரலையைப் போட்டு உட்கார்ந்தேன். கூடுவாஞ்சேரி வரைக்கும் பிரமாதம். பொத்தேரியில திக்கல். சிங்கபெருமாள் கோயில்ல மறுபடி பளிச்சுன்னு படம். பரனூர் தாண்டினதும், வழக்கம்போல வட்டம்.

பக்கத்து சீட்டுல காலேஜ் பையன் ஒருத்தன். அவன் வீடியோ பார்க்கலை. நகர்த்தல்களை மட்டும் காட்டுற ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சிருந்தான். சின்னக் கட்டம், பக்கத்துல வரிசையா நகர்த்தல்கள். என் மொபைல்ல வட்டம் சுத்துது, அவன் மொபைல்ல குதிரை ஓடுது! நல்லா இருந்த ஆட்டத்தை நேர நெருக்கடியில குகேஷ் கோட்டை விட்டதை அவன் மொபைல்லதான் பார்த்தேன். அந்த ஹாலுக்கும் எங்க வண்டிக்கும் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. (அப்புறம் முதல் பலகைக்கான தங்கத்தை குகேஷே வாங்கினார், அது தனி சந்தோஷம்.)

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செஸ்ல ஒரு நகர்த்தலை எழுத நாலஞ்சு எழுத்து போதும். முழு ஆட்டமும் சேர்த்தா சில கிலோபைட். அதையே 720பி வீடியோவா பார்த்தா, செகண்டுக்கு 2.5 மெகாபிட்னு வெச்சாலும் மணிக்கு 1,100 மெகாபைட்டுக்கு மேல. ரெண்டுலயும் எனக்கு வேண்டியது ஒண்ணேதான்: காய் எங்க போச்சு?

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். நெட்வொர்க் ஆட்டம் காணுற இடத்துல வீடியோவோட தரம்னா படம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குங்கிறது இல்லை. பார்க்கிறவருக்கு வேண்டியது நிக்காம போய்ச் சேருதாங்கிறதுதான். இதை எங்க ஃபீல்டுல வாயால ஒத்துக்காத ஆள் இல்லை. கோடுல செய்றவங்கதான் கம்மி. என்னையும் சேர்த்து.

வட்டம் ஏன் சுத்துதுன்னு பார்த்துடலாம். வீடியோ ஒரே நீளக் கோப்பா மொபைலுக்கு வர்றதில்லை. ரெண்டு செகண்டு, ஆறு செகண்டு, பத்து செகண்டுன்னு துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 144பி, 240பி, 360பி, 480பி, 720பின்னு பல தரத்துல செஞ்சு சர்வர்ல அடுக்கி வெச்சிருப்பாங்க. ஆப்பிள் 2009-ல கொண்டு வந்த ஹெச்எல்எஸ், 2012-ல சர்வதேசத் தரமா வெளிவந்த டேஷ், ரெண்டும் அடிப்படையில இந்தக் காய் நறுக்குற வேலைதான். அடுத்த துண்டை எந்தத் தரத்துல கேட்கிறதுன்னு முடிவு பண்றது மொபைல்ல இருக்கிற பிளேயர்.

எப்படி முடிவு பண்ணும்? சாதாரண பிளேயர் போன துண்டு வந்த வேகத்தைப் பார்க்கும். அதே வேகத்துல அடுத்ததும் வரும்னு நம்பும். வீட்டுல வைஃபையில உட்கார்ந்திருந்தா இந்த நம்பிக்கை பலிக்கும். ரயில்ல? சிங்கபெருமாள் கோயில் ஸ்டேஷன்ல வண்டி நிக்குது, டவர் பக்கத்துலயே இருக்கு, வேகம் பிய்ச்சுக்கிட்டு வருது. பிளேயருக்கு ஒரே குஷி, பெரிய 720பி துண்டா கேட்குது. துண்டு பாதி வர்றதுக்குள்ள வண்டி கிளம்பியாச்சு. மொபைல் ஒரு டவரை விட்டு இன்னொரு டவருக்குத் தாவணும். நம்ம மொபைல் மட்டுமா தாவுது? பெட்டி பெட்டியா நூத்துக்கணக்கான மொபைல் ஒண்ணா தாவுது. அந்தத் தாவல்ல துண்டு அந்தரத்துல நிக்கும். சேர்த்து வெச்ச பஃபர் தீரும். வட்டம் வரும்.

ஈசிஆர் பக்கம் கதை வேற. ஒரு டவரோட வேகத்தை அதுக்குக் கீழ இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும், தெருக்குழாய் மாதிரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடற்கரைக் கோயில் பக்கம் போய்ப் பாருங்க. மொத்தக் கூட்டமும் வீடியோ எடுத்து ஏத்திக்கிட்டு இருக்கும். ஊர்க்காரங்களுக்குச் சொட்டு சொட்டாத்தான் வரும். கிழக்குப் பக்கம் இன்னொரு டவர் வைக்கலாம்னா வங்காள விரிகுடாவுக்குள்ளதான் வைக்கணும். இதுல புயல் வேற. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. கரண்ட் போனா டவர் பேட்டரியில ஓடும், பேட்டரிக்கும் ஒரு அளவு இருக்குல்ல? அன்னைக்கு ராத்திரி 'காத்து எப்போ குறையும்'னு தெரிஞ்சுக்க ஒரு வானிலை வீடியோவைத் திறந்தேன். பத்து நிமிஷமும் வட்டம்தான். கடைசியில ரெண்டு வரி எழுத்துலதான் பதில் கிடைச்சுது.

இதுக்கெல்லாம் வழியே இல்லையான்னா, இருக்கு. ரொம்ப நாளாவே இருக்கு.

எங்க தெருவுல குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குழாயில எவ்வளவு வேகமா வருதுன்னு பார்த்து எங்கம்மா வாஷிங் மெஷின் போடுறதில்லை. மாடித் தொட்டியில எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பார்த்துட்டுத்தான் போடுவாங்க. தொட்டி நிறைஞ்சிருந்தா தாராளம், பாதின்னா சிக்கனம், அடியில கிடந்தா குடிக்க மட்டும். இதையே பிளேயருக்குச் செஞ்சு பார்த்தாங்க தே-யுவான் ஹுவாங்கும் அவங்க ஸ்டான்ஃபோர்டு, நெட்ஃபிளிக்ஸ் கூட்டாளிகளும். வேகத்தை யூகிக்கிறதை விட்டுட்டு பஃபர்ல எத்தனை செகண்டு மிச்சம்னு பார்த்துத் தரத்தை முடிவு பண்ணினாங்க. நெட்ஃபிளிக்ஸ் அப்போ வெச்சிருந்த முறையை விட, வீடியோ நின்னு போறது 10-லிருந்து 20 சதவீதம் குறைஞ்சுது. 2014-ல கட்டுரையா வந்துச்சு. எங்கம்மாவுக்குக் கட்டுரை தேவைப்படலை.

நின்னு போனா என்ன நஷ்டம்னு கேட்பீங்க. அதையும் அளந்துட்டாங்க. சென்னை ஐஐடியில பிடெக் படிச்ச ரமேஷ் சீதாராமனும், அகமாயில இருந்த சண்முக கிருஷ்ணனும் 2012-ல 2 கோடியே 30 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவை அலசினாங்க. வீடியோ தொடங்க ரெண்டு செகண்டுக்கு மேல ஆனா ஆளுங்க கிளம்ப ஆரம்பிச்சுடறாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு செகண்டுக்கும் விட்டுட்டுப் போறவங்க 5.8 சதவீதம் கூடறாங்க. ஆக, பொறுமை ரெண்டு செகண்டுதான்!

இவ்வளவும் தெரிஞ்சும் நாங்க என்ன பண்றோம்? இங்கதான் பாவமன்னிப்பு. எங்க பிளேயர்ல முதல் துண்டை எந்தத் தரத்துல கேட்கணும்னு ஒரு வரி இருக்கு. ஆரம்பத்துல அது 240பி. ஒரு டெமோவுல மேலதிகாரி பெரிய டிவியில பார்த்தார். முதல் ரெண்டு செகண்டு படம் கலங்கலா இருந்துச்சு. "என்னப்பா, பழைய கேசட் மாதிரி இருக்கு"ன்னார். அன்னைக்கு சாயங்காலமே அதை 720பின்னு மாத்தினேன். ஆமா, நானேதான். ஓஎம்ஆர் ஆபீஸ் வைஃபையில சும்மா கண்ணாடி மாதிரி வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அந்த வரியோட விலை எனக்குத் தெரிஞ்சது சித்தி வீட்டுலதான்.

சித்தி வீடு சதுரங்கப்பட்டினம். (பேர்லயே சதுரங்கம் இருக்கு, ஆனா அந்த ஊர்ல வீடியோ நகர்றதுதான் கஷ்டம்.) சித்தி பொண்ணு டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறா. கோச்சிங் சென்டருக்குத் தாம்பரம் போய் வர்ற அளவுக்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு ஆப்ல பணம் கட்டி ராத்திரி ஏழு மணி நேரலை வகுப்பு கேட்கிறா. அந்த ஆப் எங்களோடது இல்லை. ஆனா திறந்ததும் என்ன பண்ணுதுன்னு பார்த்தேன், அப்படியே எங்க வரிதான். எடுத்தவுடனே பெரிய படம், அஞ்சாவது செகண்டுல வட்டம்.

"தினமும் இப்படித்தானா?"ன்னு கேட்டேன்.

"ஏழே முக்காலுக்குள்ள ஒன்றரை ஜிபியும் தீர்ந்துடும்ணா. அப்புறம் வட்டம் மட்டும்தான் வரும்"னா.

"அப்புறம் எப்படி படிக்கிற?"

"நாங்க ஒண்ணு பண்ணி வெச்சிருக்கோம்ணா"ன்னு மொபைலைக் காட்டினா. அவ ஃபிரெண்டு ஒருத்தி செங்கல்பட்டு டவுன்ல இருக்கா, வீட்டுல பிராட்பேண்ட். அவ லேப்டாப்ல வகுப்பைப் போட்டுட்டு, பக்கத்துல மொபைலை வெச்சு மூணு பேருக்குக் கான்ஃபரன்ஸ் கால் போட்டுடறா. சார் பேசுறது கால்ல கேட்கும். போர்டுல ஏதாவது எழுதினா அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடறா. கல்பாக்கத்துல ஒருத்தி, திருக்கழுக்குன்றத்துல ஒருத்தி, சதுரங்கப்பட்டினத்துல இவ. நோட்டுல எழுதுறாங்க. வகுப்பு ஒருநாளும் நின்னதில்லை.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை. குரலுக்கு ஒரு வழி, போர்டுக்கு ஒரு வழின்னு பிரிச்சு, எது முக்கியமோ அதை முதல்ல அனுப்புறது. 4ஜியில வாய்ஸ் காலுக்கு நெட்வொர்க் முன்னுரிமை கொடுக்கும், அதையும் தெரியாமலே பயன்படுத்திக்கிட்டாங்க. ஒரு டீமே உட்கார்ந்து செய்யாததை நாலு பொண்ணுங்க கான்ஃபரன்ஸ் காலை வெச்சு செஞ்சிருக்காங்க.

இதையே ஆப் செஞ்சா எவ்வளவு ஆகும்? ஓபஸ்னு ஒரு இலவச ஆடியோ கோடெக், 2012-லயே தரமா வந்தாச்சு. செகண்டுக்கு 24 கிலோபிட் கொடுத்தா பேச்சு தெளிவா கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு 11 மெகாபைட்கூட ஆகாது. அரை நிமிஷத்துக்கு ஒரு போர்டு படம், ஒண்ணு 60 கிலோபைட்னு வெச்சா மணிக்கு 7 மெகாபைட் சொச்சம். ரெண்டும் சேர்ந்து 18 மெகாபைட். 720பியில ஒரு மணி நேர வகுப்புக்கு ஆகிற டேட்டாவுல, இப்படி அறுபது மணி நேரம் படிக்கலாம்.

இன்னொண்ணு. தினசரி அளவு தீர்ந்ததும் நிறைய பேக்ல இணைப்பு அடியோட போகாது, வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். அதுல 24 குரலுக்குப் போனா மிச்சம் 40. 60 கிலோபைட் படம் வந்து சேர 12 செகண்டு. சார் எழுதி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். அதாவது, டேட்டா தீர்ந்து போனதுக்கு அப்புறமும் வகுப்பை ஓட்ட முடியும். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் தமிழ்நாடு அரசு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவசமா கொடுத்துச்சு. நல்ல காரியம். ஆனா 720பியில அந்த 2 ஜிபி ரெண்டு மணி நேரத்துக்குக்கூட வராது. அரசாங்கம் தண்ணி ஊத்திச்சு, பானையில ஓட்டை போட்டது எங்க ஆளுங்க.

இதுக்கு வழக்கமா வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"படம் கலங்கலா இருந்தா யூசர் ஆப்பைத் தூக்கிடுவான் மச்சி." அப்படியா? 2020 மார்ச் 24, ஊரடங்கு தொடங்குற சமயம். நெட்வொர்க் தாங்காதுன்னு நெட்ஃபிளிக்ஸ், கூகுள், ஃபேஸ்புக், ஹாட்ஸ்டார்னு எல்லாரும் சேர்ந்து, மொபைல் நெட்வொர்க்ல 480பிக்கு மேல கொடுக்க மாட்டோம்னு முடிவு பண்ணினாங்க. யாரும் ஆப்பைத் தூக்கலை. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து இன்னும் அதிகமாத்தான் பார்த்தாங்க.

"5ஜி வந்தாச்சு, இனி இந்தப் பிரச்சினையே இல்லை." 5ஜி நம்ம நாட்டுல 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குச்சு. சந்தோஷம். ஆனா பிரச்சினை வேகம் கம்மிங்கிறது மட்டும் இல்லை, வேகம் மாறி மாறி வர்றதுதான். ஒரு நாள் ஆயிரம் ரூபா, மறுநாள் பூஜ்யம்னு கூலி வாங்குறவன் வீட்டை, மாசச் சம்பளக்காரன் மாதிரி ஓட்ட முடியாது. பெரிய கூலி வர்ற நாள்ல சேர்த்து வெக்கத் தெரியணும்.

"புது கோடெக் போட்டா சரியாயிடும்." ஏவி1 மாதிரி புதுசுங்க கணிசமா சுருக்கும், மறுக்கலை. ஆனா கம்மி விலை மொபைல் பலதுல அதுக்கான சிப் கிடையாது, பேட்டரியைக் குடிச்சிடும். அதோட, டவரே கிடைக்காத முப்பது செகண்டுல எவ்வளவு சுருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். கிரிக்கெட்டுக்கு இது செல்லாது. பந்து தெரியலைன்னா மேட்ச் எதுக்கு? சினிமாவும் அப்படித்தான். எல்லாத்தையும் ரேடியோ ஆக்குங்கன்னு நான் சொல்லலை. எதுக்காகப் பார்க்கிறாங்கன்னு கேட்டுட்டு எழுதுங்கன்னுதான் சொல்றேன்.

என்ன செய்யலாம்? கையில காசில்லாம செய்யக்கூடியதை மட்டும் சொல்றேன்.

முதல் துண்டை சின்னதா கேளுங்க. தொட்டி நிறைய நிறைய தரத்தை ஏத்துங்க. ரெண்டு செகண்டு கலங்கல் யாரையும் கொன்னதில்லை.

குரலை வீடியோவுக்குள்ள பூட்டாதீங்க. படம் நின்னாலும் பேச்சு ஓடணும். ஒரு காலத்துல ஆப்பிள், மொபைல் நெட்வொர்க்ல பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற வீடியோன்னா குறைஞ்ச வேக ஓடை ஒண்ணு கட்டாயம் வேணும்னு ஆப்களுக்கு விதி வெச்சிருந்துச்சு. நாம கட்டாயம் இல்லாமலே செய்யலாம்.

ஒருவழி வகுப்புக்கு அஞ்சு செகண்டுல 'லைவ்' எதுக்கு? நாற்பது செகண்டு தள்ளி ஓடட்டும். அந்த நாற்பது செகண்டு தொட்டியில இருந்தா கொளவாய் ஏரியையும் தாண்டிடலாம்.

எத்தனை எம்பி ஆகும்னு முன்கூட்டியே சொல்லுங்க. யூடியூப் கோ-ன்னு ஒரு ஆப் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2017-ல நம்ம ஊருக்கு வந்துச்சு. பார்க்கிறதுக்கு முன்னாடியே, எந்தத் தரத்துக்கு எத்தனை எம்பின்னு காட்டும். 2022 ஆகஸ்ட்டுல, ஒலிம்பியாட் நடந்த அதே மாசம், அதை மூடிட்டாங்க. பெரிய ஆப்பே இப்போ நல்லா ஓடுதுன்னு காரணம் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா 'இவ்வளவு செலவாகும், சரியா?'ன்னு கேட்கிற மரியாதை அதுல இருந்துச்சு.

தினசரி டேட்டா ராத்திரி பன்னிரண்டோட காலாவதி. வீட்டுல அம்மாவோட மொபைல்ல பாதி டேட்டா அப்படியே மிச்சமிருந்து வீணாப் போகும். பதினொன்றரைக்கு 'மிச்சத்துல நாளைய பாடத்தை இறக்கி வெக்கவா?'ன்னு ஒரு கேள்வி கேட்டா என்ன குறைஞ்சிடும்?

கடைசியா, டெஸ்டிங். ஆபீஸ் வைஃபையில ஓடினா பாஸ் போடாதீங்க. டெஸ்டிங் டீமை ரெண்டு பெட்டி மாடல் மொபைலோட சாயங்காலம் ஆறு மணி வண்டியில தாம்பரத்துல ஏத்தி விடுங்க. டிக்கெட் என் செலவு.

போன வாரம் அந்த வரியைத் திருப்பி 240பின்னு மாத்தி அனுப்பியிருக்கேன். கூடவே குரலைத் தனியா ஓட்டுற யோசனையையும் எழுதிப் போட்டேன். வரிக்கு "டெமோவுல அசிங்கமா இருக்குமே"ன்னு பதில் வந்திருக்கு. யோசனை இப்போதைக்கு 'பிறகு பார்க்கலாம்' லிஸ்ட்டுல இருக்கு. அடுத்த டெமோவை ஓடுற ரயில்ல வெச்சுக்கலாம்னு நானும் பதில் போட்டிருக்கேன். பார்ப்போம்.

நேத்து ராத்திரி சித்தி பொண்ணுக்கு ஃபோன் பண்ணினேன். எடுத்ததும் கிசுகிசுன்னு, "அண்ணா, கிளாஸ் ஓடுது, அப்புறம் பேசறேன்"னு வெச்சிட்டா.

மணி எட்டே கால். அவளோட டேட்டா தீர்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.